மூடி வைத்த பெயர்

தணிகைவேலுக்குத் தலை பாதி நரைத்திருந்தது. அவருடைய குருவுக்கு ஒரு முடிகூட நரைக்கவில்லை. கட்டற்ற மென்பொருள் எழுதுகிறவர்கள் நடுவே இது அதிசயம் இல்லை. யார் எழுதியதை யார் திருத்தினார்கள் என்பதுதான் அங்கே மூப்பு.

குருவின் பெயர் சுகிர்தா. தணிகைவேல் அவரை "டீச்சர்" என்று கூப்பிடுவார். கேலியாக ஆரம்பித்தது. நாளடைவில் கேலி போய், பெயர் மட்டும் நின்றுவிட்டது. அவர் இவரை "சார்" என்பார்.

பார்வை இல்லாதவர்களுக்குக் கைப்பேசியில் வருவதைத் தமிழில் வாசித்துக் காட்டும் ஒரு மென்பொருளை சுகிர்தா பார்த்துக்கொண்டிருந்தார். யார் வேண்டுமானாலும் அதன் நிரலுக்கு, அவர்கள் பேச்சில் 'கோடு', திருத்தம் எழுதி அனுப்பலாம். அனுப்பியதை ஏற்றுச் சேர்க்கும் உரிமை அவர் ஒருவரிடம்தான் இருந்தது. தணிகைவேலுக்கு அதில் ஒரு கண்.

கோவையில் ஒரு பொறியியல் கல்லூரியில் மாநாடு. காலையில் அடையாள அட்டை வாங்கும் வரிசையில் நிற்கும்போதே அவர் கேட்டுவிட்டார்.

"டீச்சர், சேர்க்கிற உரிமையை எனக்கு எப்பத் தருவீங்க?"

"எதுக்கு?"

"எனக்குக் கோடு படிக்கத் தெரியும். தப்பு உடனே கண்ணுல படும். உங்களுக்கே தெரியும்."

"தெரியும்."

"அப்புறம் என்ன டீச்சர்?"

"இன்னிக்குக் கோடு பார்க்கிற கூட்டத்தை நீங்க நடத்துங்க. சாயந்திரம் சொல்றேன்."

தணிகைவேல் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். அலுவலகத்தில் பெரிய குழுவை மேய்ப்பவர். ஒரு கூட்டம் நடத்துவதெல்லாம் அவருக்கு ஒரு வேலையா?

கோடு பார்க்கிற கூட்டம் என்றால் வேறொன்றும் இல்லை. ஒருவர் எழுதிய திருத்தத்தைத் திரையில் போடுவார்கள். அரங்கில் இருக்கிற எல்லோரும் அதை வரி வரியாகப் படித்துக் குறை நிறை சொல்வார்கள். சுகிர்தா அதற்கு ஒரு வழக்கம் வைத்திருந்தார். எழுதியவர் பெயர்மேல் கறுப்புப் பட்டை ஒன்று இருக்கும். பேசி முடித்த பிறகே பட்டையை எடுக்க வேண்டும். அதுவரை யாரும் "இது என்னுடையது" என்று சொல்லக் கூடாது. "என்னுடையது இல்லை" என்றும் சொல்லக் கூடாது. பெயரைப் பார்த்துவிட்டால் அப்புறம் யாரும் கோடு படிப்பதில்லை என்பது அவர் பட்டுத் தெரிந்துகொண்டது.

கூட்டம் தொடங்கும் முன் ஒவ்வொருவரும் எழுந்து பெயரும் ஊரும் சொன்னார்கள். சுகிர்தா அப்போது அரங்கில் இல்லை. புரொஜெக்டருக்கு ஒயர் தேடிப் போயிருந்தார்.

மூன்றாம் வரிசையில் இருந்த ஒரு பெண் எழுந்தார்.

"என் பேரு செல்வகனி. சாத்தான்குளம் பக்கம். இ-சேவை மையத்துல வேலை பாக்கேன். இங்க வர்றது இதான் முதல் தடவை."

"வாங்க, வாங்க. என்ன எழுதியிருக்கீங்க?" என்றார் தணிகைவேல்.

கேட்டிருக்கக் கூடாது. யாருக்கும் அது தோன்றவில்லை. செல்வகனியும் புதுசு.

"தேதி விஷயம் சார். எங்க வீட்டுக்காரருக்குக் கண்ணு தெரியாது. போன் வாசிக்கதக் கேட்டுத்தான் எல்லாம். மூணு, ஒரு சாஞ்ச கோடு, நாலுன்னு ஏப்ரல் மூணாம் தேதியப் போட்டிருப்பாவ. இது அத முக்கால்னு வாசிக்கி. ஆஸ்பத்திரில இருந்து மெசேஜ் வருது, முக்கால் அன்னைக்கி வாங்கன்னு. ரெண்டு பேரும் உக்காந்து முழிச்சோம்."

அரங்கு சிரித்தது. அவரும் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார்.

சுகிர்தா ஒயரோடு வந்தார். மாட்டிக் கொடுத்தார். கடைசி வரிசைக்குப் போய் உட்கார்ந்துகொண்டார்.

தணிகைவேல் கூட்டத்தை நன்றாகவே நடத்தினார். முதலில் வந்தவற்றில் இருந்த பிழைகளைச் சட்டென்று பிடித்தார். ஒன்றில் யாரும் பார்க்காத ஒரு ஓட்டையைக் காட்டினார். பின்னால் இருந்து இரண்டொருவர் கை தட்டினார்கள். அது அவருக்குப் பிடித்திருந்தது.

அடுத்து ஒரு திருத்தம் திரையில் வந்தது. பெயர்மேல் கறுப்புப் பட்டை. உள்ளே, தேதி வாசிப்பது.

தணிகைவேலின் கண் மூன்றாம் வரிசைக்குப் போய் வந்தது. அரங்கில் பாதிப் பேரின் கண்ணும் போனது.

"சரி. படிங்க" என்றார். கொஞ்சம் பொறுத்து, "படிச்சாச்சா? இதுல முக்காலே கிடையாது. எங்க முக்கால் வந்தாலும் ஏப்ரல் மூணுதான். இனிமே கறிக்கடையில போய், ஏப்ரல் மூணு கிலோ குடுங்க பாய்னு கேட்டுக்கலாம்."

அரங்கு அதிர்ந்தது. கடைசி வரிசையிலும் சிரிப்பு.

சிரிப்பு ஒரு மாதிரி பண்டம். ஒரு முறை கிடைத்தால் கை மறுபடியும் நீளும்.

"இங்க பாருங்க, ஜனவரியா, பிப்ரவரியா, மார்ச்சான்னு ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா நிக்க வச்சிருக்காங்க. மாசத்துக்கு ஒரு வரி. இது புரோகிராமா? இ-சேவை மையத்துல டோக்கன் போட்டு வரிசையில நிறுத்துற மாதிரி இல்ல இருக்கு? ஏப்ரல், உங்க நம்பர் வரல, போய் உக்காருங்க."

இந்த முறை சிரிப்பு இன்னும் பெரிசு. முன் வரிசையில் இருந்தவர்கள் திரும்பியே பார்த்தார்கள். செல்வகனி மடியில் இருந்த பையின் வாரைப் பிடித்துக்கொண்டிருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. சொல்லக் கூடாது என்பதுதான் வழக்கம்.

"சோதிச்சும் பார்க்கலை. எழுதி அப்படியே அனுப்பியாச்சு. சர்வர் டவுன், நாளைக்கு வாங்கன்னு சொல்லிடலாம்னு நினைச்சிருப்பாங்க போல" என்று முடித்துவிட்டு, தணிகைவேல் பட்டையை எடுத்தார்.

கீழே சுகிர்தா என்று இருந்தது.

யாரோ மெதுவாக விசில் அடித்தார்கள். "டீச்சருக்கே டோக்கன் போட்டுட்டாரு" என்றது ஒரு குரல். மறுபடியும் சிரிப்பு. தணிகைவேலின் காது சூடானது. சிரிக்கப் பார்த்தார். வாய் ஒத்துழைக்கவில்லை.

"டீச்சர், எனக்குத் தெரிஞ்சிருந்தா..."

சுகிர்தா கடைசி வரிசையில் எழுந்து நின்றார்.

"முக்காலை விட்டது தப்பு. மாசத்துக்கு ஒரு வரி எழுதினது தப்பு. சோதிக்காதது பெரிய தப்பு. இன்னிக்கே மாத்திடறேன். அடுத்ததைப் போடுங்க."

தணிகைவேல் அடுத்ததைப் போட்டார். திரையில் கோடு வரவில்லை. சாம்பல் நிறத்தில் ஒரு வரி வந்தது: எழுதியவர் இதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்.

தணிகைவேல் மூன்றாம் வரிசையைப் பார்த்தார். அந்த நாற்காலி காலி.

சாப்பாட்டு நேரத்தில் அவரைச் சுற்றிக் கூட்டம். ஓசூரிலிருந்து வந்த ஒருவர் தோளில் தட்டினார்.

"அந்த டோக்கன் செம சார். வயிறு வலிக்குது."

"விடுங்க" என்றார் தணிகைவேல்.

"டீச்சர் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டாங்க சார். அவங்களுக்குப் பெரிய மனசு. போய் ஒரு சாரி சொல்லிடுங்க, முடிஞ்சுது."

சாம்பார் சாதம் தட்டில் ஆறிக்கொண்டிருந்தது. தணிகைவேல் அதை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார்.

சுகிர்தா குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தார்.

"டீச்சர், மன்னிச்சிடுங்க."

"எதுக்கு?"

"அப்படிப் பேசியிருக்கக் கூடாது. உங்களோடதுன்னு எனக்குத் தெரியாது."

"தெரிஞ்சிருந்தா?"

"பேசியிருக்க மாட்டேன்."

"தப்பைக்கூடச் சொல்லியிருக்க மாட்டீங்களா?"

"சொல்லியிருப்பேன். இப்படி இல்ல. பதமா."

"அப்ப யாரோடதுன்னு நினைச்சு இப்படிச் சொன்னீங்க?"

தணிகைவேல் குழாயைப் பார்த்தார். அது ஒழுகிக்கொண்டிருந்தது. அவர் அதை இறுக்கி மூடினார்.

"என்னைச் சோதிச்சீங்களா டீச்சர்?"

"உங்களைச் சோதிக்க எனக்கு எங்க நேரம்? ரயில்ல தூக்கக் கலக்கத்துல எழுதினது. வேற ஒருத்தரும் அதையே எழுதி அனுப்பியிருக்காங்கன்னு நான் கவனிக்கலை. காலையில அவங்க சொன்னப்ப நான் ஒயர் தேடிட்டு இருந்தேன். நீங்க கேட்டதால சொன்னாங்களாமே?"

"ஆமா."

"பேரை நான் மூடி வச்சேன். நீங்க திறந்துட்டீங்க. அதுவும் தப்பான பேரை."

"ஜோக்குதானே டீச்சர். எல்லாரும் சிரிச்சாங்க."

"கறிக்கடைக்கு நானும்தான் சிரிச்சேன். நல்ல ஜோக். தப்பு என்னன்னு ஒரே வரியில புரிஞ்சுது."

"டோக்கன்?"

சுகிர்தா கையை உதறினார். "அது கோடு பத்தினது இல்லையே சார்."

தணிகைவேல் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். பிறகு, அலுவலகத்தில் பேசிப் பழகிய குரலில், "ஒரு விஷயம் டீச்சர். அவங்க எழுதினதை நான் ஒரு வார்த்தை சொல்லலை. அதைத் திரையிலயே போடலை" என்றார்.

"அவங்க எழுதினது எப்படி இருந்தது?"

"நான்தான் பார்க்கவே இல்லையே."

"ஆமா" என்றார் சுகிர்தா.

அவர் கைக்குட்டையை எடுத்துக் கை துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

தணிகைவேலுக்கு அங்கே நிற்க முடியவில்லை. எதிரே வந்தவர்கள் எல்லாம் அவரைப் பார்த்துப் புன்னகை செய்தார்கள். காலையில் அந்தப் புன்னகைக்காகத்தான் பேசினார். இப்போது ஒவ்வொன்றும் உடம்பில் ஒட்டியது. குனிந்துகொண்டே வாசலுக்கு நடந்தார். அடையாள அட்டை கொடுக்கும் மேசையில் இருந்த பெண், "அந்த அக்காவா? சிங்காநல்லூர் பஸ் எங்க நிக்கும்னு கேட்டுட்டுப் போனாங்க சார்" என்றாள்.

கல்லூரிக்கு எதிரே ஒரு பேக்கரி. அதன் தகரக் கூரை நிழலில் செல்வகனி நின்றிருந்தார். கையில் ஒரு பன், பாதி தின்றது. இவரைக் கண்டதும் பன்னைப் பைக்குள் வைத்தார்.

"என்ன சார், ஏதும் விட்டுட்டு வந்துட்டேனா?"

"இல்லம்மா. நான் உங்களைப் பார்க்கத்தான் வந்தேன்."

"சொல்லுங்க சார்."

வெயிலில் ஓடி வந்த மூச்சு. பேக்கரிக்காரர், "என்ன சாப்பிடறீங்க?" என்றார். "ஒண்ணும் வேண்டாம்" என்றார் தணிகைவேல். பிறகு, திரும்பாமலே, "மன்னிச்சிடுங்க" என்றார். யாரிடம் சொல்கிறார் என்று பேக்கரிக்காரருக்கே ஒரு நிமிஷம் புரியவில்லை.

"அது நான் எழுதுனதே இல்லயே சார். என்கிட்ட எதுக்கு மன்னிப்பு கேக்கிய?"

"நீங்க எழுதினதுன்னு நினைச்சுத்தான் சொன்னேன்."

"அது தெரியும் சார். அம்புட்டுப் பேரும் என்னையத்தான பாத்தாவ."

"ஏன் நீங்க எழுந்து, அது என்னோடது இல்லன்னு சொல்லலை?"

"சொல்லப்பிடாதுன்னு விதி இருக்குல்லா?"

தணிகைவேல் தலையை ஆட்டினார். அந்த விதியை அரங்கில் படித்துக் காட்டியவர் அவர்தான்.

"கோபத்துல எடுத்துட்டீங்களா?"

"கோவமெல்லாம் இல்ல சார். அந்தத் திரையில வந்தத நானும் வாசிச்சேன். என்னோடத விட அது எனக்கு நல்லாத்தான் தெரிஞ்சுது. அதையே இந்தப் பாடு படுத்துனிய. என்னோடது வந்தா என்ன ஆகும்? அதான் மெதுவா எடுத்துட்டேன்."

"உங்களோடதை எனக்கு அனுப்புங்க. நான் உக்காந்து முழுசாப் படிக்கிறேன்."

"அனுப்பி ஒரு வாரமா அங்கதான சார் கிடந்துச்சு."

அவர் அதைக் குத்திச் சொல்லவில்லை. பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்துக்கொண்டே சொன்னார். அதனால்தான் தணிகைவேலுக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. தன் செருப்பைப் பார்த்தார்.

"டோக்கனைச் சொல்லியிருக்கக் கூடாது" என்றார்.

"அது போட்டுத்தான் சார் ஆகணும். போடாத அன்னைக்கி வயசானவங்களத் தள்ளிக்கிட்டு முன்னால வருவாவ. டோக்கன் போட்டா எல்லாரும் ஒண்ணுபோல நிப்பாவ." கொஞ்சம் யோசித்து, "அதுல சிரிக்க என்ன இருக்குன்னுதான் எனக்கு விளங்கல. கம்ப்யூட்டர் ஆளுங்க ஜோக்கு போலன்னு நினைச்சுக்கிட்டேன்" என்றார்.

பஸ் தூரத்தில் தெரிந்தது. செல்வகனி பையைத் தோளில் மாட்டினார்.

"திரும்பி வாங்கம்மா. மத்தியானக் கூட்டம் இருக்கு."

"இல்ல சார். இப்ப ஏறுனாத்தான் விடியுமுன்ன ஊர் போய்ச் சேரலாம்." படியில் கால் வைத்தவர் திரும்பினார். "அந்த முக்கால் சரியாயிரும்லா?"

"ஆயிடும். டீச்சர் இன்னிக்கே மாத்திடுவாங்க."

"அப்பச் சரி. எங்களுக்கு அது போதும்."

பஸ் போய்விட்டது. தணிகைவேல் நிழலிலேயே நின்றார். பேக்கரிக்காரர் மறுபடியும் என்ன வேண்டும் என்று கேட்டார். அவர் காதில் விழவில்லை.

திரும்பி வரும்போது அரங்கின் கதவு சாத்தியிருந்தது. மத்தியானக் கூட்டம் தொடங்கிவிட்டது. வெளியே, சுவரோரம் போட்டிருந்த பெஞ்சில் மடிக்கணினியை வைத்து சுகிர்தா தட்டிக்கொண்டிருந்தார். திரையில் தேதிக் கோடு. முக்காலுக்குத் தனியாக இடம் வந்திருந்தது.

"அவங்களைப் பார்த்தீங்களா?" என்றார், நிமிராமல்.

"பார்த்தேன்."

"என்ன சொன்னாங்க?"

"கோபம் இல்லன்னாங்க. ஆனா வரலைன்னுட்டாங்க. பஸ் ஏறிட்டாங்க."

சுகிர்தா ஒரு வரியை அழித்தார். வேறு ஒன்று எழுதினார்.

"டீச்சர், அந்த உரிமை எனக்கு வேண்டாம். சாயந்திரம் என் பேரைச் சொல்லாதீங்க. வேற யாருக்காவது குடுங்க."

"இது யாருக்காகச் சொல்றீங்க?"

"எனக்குக் கூசுது டீச்சர்."

"அது தெரியுது. யாருக்காகன்னு கேட்டேன்."

வேண்டாம் என்று சொன்னதும் தணிகைவேலுக்கு நெஞ்சில் ஏதோ கொஞ்சம் லேசாகியிருந்தது. அந்த லேசும் இப்போது போய்விட்டது.

"சாயந்திரப் பேச்சு சாயந்திரம்" என்றார் சுகிர்தா. "மன்னிப்புக் கேட்டீங்களா?"

"கேட்டேன்."

"எங்க வச்சு?"

"பஸ் ஸ்டாப்புல. ஒரு பேக்கரி இருக்கு, அங்க."

"யார் யார் இருந்தாங்க?"

"நான், அவங்க. பேக்கரிக்காரர்."

"டோக்கன்னு சொன்னது எங்க வச்சு?"

தணிகைவேல் கதவைப் பார்த்தார். உள்ளே யாரோ ஒரு திருத்தத்தை முடித்துவிட்டு, "அடுத்த டோக்கன் வாங்கப்பா" என்று கூப்பிட்டார்கள். அரங்கு முழுக்கச் சிரித்தது. ஒரு காலைப் பொழுதுக்குள் அது அந்த இடத்துப் பேச்சாகிவிட்டிருந்தது.

"அவங்கதான் போயிட்டாங்களே டீச்சர். இனிமே உள்ள போய்ச் சொல்லி யாருக்கு என்ன?"

சுகிர்தா மடிக்கணினியை மூடினார். முதல் முறையாக அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"சிரிச்சவங்க யாரும் இன்னும் பஸ் ஏறலை சார்."